எட்டும் சைபரும்

மாமாவின் ஆள்காட்டி விரல் என் ஐசியின் பன்னிரண்டு இலக்கங்கள்மேல் எறும்பாக ஊர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கெடா மாநிலத்துச் சுங்கை லாலாங்கில் அவர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போயிருந்தேன். தேநீர் வருமுன்னே ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிவிட்டார். இலக்கங்களைக் கூட்டினார், வந்ததை மறுபடியும் கூட்டினார், ஒற்றை இலக்கத்தில் நின்றதும் அட்டையைச் சுடுசட்டிபோலத் தள்ளினார்.

"எட்டு, தம்பி. சனியோட நம்பர். எம்பொண்ணுக்கு வேணாம்."

பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டலாம், கார் எண்ணைப் பார்த்து வாங்கலாம். அரசாங்கம் ஒட்டிவிட்ட எண்ணை என்ன செய்வது? எரிச்சலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. (இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை.) மறுவாரம் கணிதத்தோடு போனேன். எட்டு என்பது அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவருக்கு அது வந்தே தீரும் என்று விளக்கினேன்.

"அப்ப எட்டுப் பேரு மிச்சம் இருக்கானுங்கல்ல? அதுல ஒருத்தன பாத்துக்கிறேன்லா."

என் கணக்கை வைத்தே என்னைக் கவிழ்த்தார். அடுத்த முறை பகா எண் என்ற ஆயுதத்தை எடுத்தேன். தொழிற்சாலை ஓய்வு நேரமெல்லாம் கைப்பேசியில் வகுத்துப் பார்த்தும் என் எண் எதற்கும் மசியவில்லை. உறுதிப்படுத்தப் பத்து லட்சம்வரை வகுக்க வேண்டும்; நானோ சில நூறிலேயே களைத்துவிட்டேன். அதைச் சொல்வேனா? "எதாலயும் வகுபடாத நம்பர், மாமா" என்றேன்.

"அப்ப யாருக்கும் பங்கு குடுக்கமாட்டானா?"

வாயை அத்தோடு மூடியிருக்கலாம். பெண்கள் ஐசி இரட்டைப்படையில்தான் முடியும், ஆகவே அவர் மகளின் எண் பகா எண்ணாக வழியே இல்லை என்று பீற்றிக்கொண்டேன். அவள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியோடு வந்தாள்.

"ரெண்டு பேரும் கூட்டுனது, வகுத்தது போதும். ஒருதடவ பெருக்கிப் பாருங்கப்பா!"

மாமா என் இலக்கங்களைப் பெருக்கினார். கெடாவில் பிறந்தவர்களின் எண்ணுக்கு நடுவில் மாநிலக் குறியாகப் பூஜ்யமும் இரண்டும் உட்கார்ந்திருக்கும். அந்தப் பூஜ்யம் அத்தனை இலக்கங்களையும் விழுங்கியது.

"சைபரா? இது எட்டவிட மோசம்லா!"

அவள் தன் அட்டையைப் போட்டாள். சைபர். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அவருடையதை உருவிப் போட்டாள். அதுவும் சைபர். மாமா மூன்று அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சைபரும் சைபரும் சேர்ந்தா குறையறதுக்கு என்ன இருக்கு? கட்டிக்குங்க, போங்க."

ஆனாலும் எட்டை அவர் விடவில்லை. சோறு குழைந்தாலும், மழையில் துணி நனைந்தாலும் "மாப்பிள நம்பர் வேலையக் காட்டுது" என்பார். பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை வழுக்கையானது.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, போன வாரம் பீடோங் சாலையில் டயர் வெடித்தது. நானும் மனைவியும் வெயிலில் நின்றோம். யாரும் என் எண்ணைத் திட்டாதது எனக்கு அப்படியோர் எரிச்சலாக இருந்தது.