ஜெகதீஸ்வரியின் இடது சிறுநீரகம்

கொழும்பு வெள்ளவத்தையில் சாறி பிளவுஸ் தைக்கிற ஜெகதீஸ்வரி என்றால் நாலு லேனுக்குத் தெரியும். கை இறுக்கம், கழுத்து அகலம் என்று குறை சொல்லி எந்தப் பெண்ணும் அவளுடைய மூன்றாம் மாடிப் படியை இரண்டாம் முறை ஏறியதில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் புருஷனின் தமக்கை, "பத்துப் பொருத்தத்தில எட்டுப் பொருந்தி என்ன, உம்மட கிட்னி பொருந்தேல்லையே" என்று சொல்லிவிட்டு, அவள் போட்ட தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனாள்.

மூன்று வருடத்துக்கு முன் ஜெகதீஸ்வரி தன் இடது சிறுநீரகத்தைப் புருஷன் நாகேந்திரத்துக்குக் கொடுத்தாள். அவர் ஓய்வுபெற்ற வங்கிக்காரர், முட்டைகூடத் தொடாத சைவம். அடுத்தவரின் உறுப்பை உடம்பு எதிரியாகத்தான் பார்க்கும், அந்த எதிர்ப்பை அடக்கச் சாகும்வரை காலையும் மாலையும் கப்சூல் போடவேண்டும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இரண்டரை வருடம் ஒரு குறையும் இல்லை. போன கார்த்திகையில் கால் வீங்கியது. தையில் எல்லாம் முடிந்தது. உடம்பு அந்தக் கிட்னியை நிராகரித்துவிட்டது என்றார்கள்.

"மருந்து ஒழுங்காப் போட்டனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர். ஒரு நேரமும் விடேல்லை" என்றார் நாகேந்திரம்.

பிறகென்ன, பழி முழுக்க ஜெகதீஸ்வரியின் கிட்னியின் தலையில் விடிந்தது. கிழமைக்கு மூன்று தரம் அவரைப் பொரளை ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸுக்குக் கூட்டிப்போய் வந்தாள். பிழையாகத் தைத்த பிளவுஸைப் பிரித்துத் தைக்கலாம், இதை எங்கே பிரிப்பது? அக்கம்பக்கத்தவர்கள் வேறு, எதிர்ப்புச் சக்தி கூட்டவென்று வேரும் இலையும் அவித்துக் கொண்டுவந்தார்கள். "இருக்கிற சக்திதான் என்ர கிட்னியைத் திண்டது. இன்னும் கூட்டி என்னத்தைத் திங்கிறது?" என்று ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவளுக்கு எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிறு காலை, ரொறன்ரோவிலிருந்து மகன் வினோதன் வீடியோவில் வந்தான். தன் கிட்னியைக் கொடுக்க ஆவணியில் வருவதாக இருந்தான்.

"பிள்ளையின்ரை வேண்டாம்" என்றார் நாகேந்திரம். "இப்ப அமெரிக்காவில பண்டியின்ர கிட்னி வைக்கினமாமே. அதைப் பாரன், தம்பி."

முட்டை ரோல் விற்கிற கடையில் வெறும் தேத்தண்ணிகூடக் குடிக்காத மனுசன் பன்றியின் கிட்னி கேட்டதும் ஜெகதீஸ்வரி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"அது இன்னும் பரீட்சார்த்தம்தான் அப்பா. பண்டியின்ர கலத்தில ஒரு சீனி இருக்கு. எங்கட உடம்பு அதைக் கண்ட உடனை அடிக்கும். அந்தச் சீனியை உண்டாக்கிற மரபணுவை எடுத்துப்போட்டுத்தான் வைக்கினம். அப்பிடியும் ஒரு மனுசிக்கு நாலு மாசத்தில கழட்டவேண்டி வந்திட்டுது. வேற ஏதோ தொற்று வந்ததாலை எதிர்ப்பை அடக்கிற மருந்தைக் குறைச்சவை. உடம்பு எழும்பி அடிச்சிட்டுது."

நாகேந்திரம் தொண்டையைச் செருமினார்.

"எத்தினை நாள் குறைச்சவையாம்? ஆறு நாளிலும் கூடவோ?"

ஆறு நாள். ஜெகதீஸ்வரி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். ஐப்பசியில் கந்தசஷ்டிக்கு அவர் பால்பழத்தோடு விரதம் பிடித்தது ஆறு நாள். கிட்னி தந்த முருகனுக்கு நன்றி என்று சொல்லிப் பிடித்த விரதம். தந்தது முருகனாம்!

"இஞ்சேருங்கோ. சஷ்டிக்குக் கப்சூல் போட்டனீங்களோ, இல்லையோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "மற்ற வெள்ளைக் குளிசையெல்லாம் போட்டனான். கப்சூலின்ர கூடு மாட்டெலும்பில செய்யிறதெண்டு வட்சப்பில வந்தது. விரத நாளில எப்பிடி..."

"மாட்டெலும்புக் கூடு வேண்டாமெண்டவர், பண்டியின்ர கிட்னியை எங்க வைக்கப்போறீங்கள்? சுவாமி அறையிலோ?"

ஜெகதீஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை இரவு அந்தத் தழும்பைத் தடவி, என்னில்தான் என்னவோ பிழை என்று படுத்திருக்கிறாள். இந்த மனுசன் பக்கத்தில் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்!

போனில் வினோதனின் முகம் சுருங்கிப்போயிருந்தது. "அம்மா, நான் வாறதோ, வேண்டாமோ?"

வா என்றால் பிள்ளையின் கிட்னியும் வீணாய்ப் போகலாம். வராதே என்றால் இவர் எத்தனை காலம் இருப்பாரோ தெரியாது. ஜெகதீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆவணியில வேண்டாம். ரிக்கற்றை மாத்து. இந்த முறை சஷ்டி வரட்டும். டொக்டர் இப்ப தாற விற்றமின் கப்சூலும் அதே கூடுதான். ஆறு நாளும் என்ர கண்ணுக்கு முன்னால விழுங்கினாரெண்டால் ஏழாம் நாள் நீ பிளேன் ஏறு. இல்லாட்டி ஏறாதை."

"முருகன் குறை நினைக்கமாட்டானே?" என்றார் நாகேந்திரம் மெல்ல.

"முருகன் பொறுப்பார். நான்தான் பொறுக்கமாட்டன்."

மகன் போனை வைத்ததும் அவள் வேறொரு இலக்கத்தை அழுத்தி, மணி போகப் போக, போனை அவருடைய கையில் திணித்தாள்.

"உங்கட அக்கா எடுப்பா. என்ர கிட்னியில பிழையில்லை எண்டு நீங்களே சொல்லுங்கோ."