கோழிக் கொட்டகையில் பியானோ

எங்கள் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் பாட்டு போடுவது வழக்கம்தான். நாள் முழுக்க ஏதாவது ஓசை காதில் விழுந்துகொண்டிருந்தால், திடீர்ச் சத்தத்துக்குக் கோழி அவ்வளவாக மிரளாது. மிரண்டால் கூண்டுக்குள் எகிறி அடித்துக்கொள்ளும். மறுநாள் ஓடில்லாத தோல்முட்டைதான் விழும்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை சினிமாப் பாட்டு ஓடியது. அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன பிறகு எனக்கு அது பிடிக்கவில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் யாராவது பிரிந்துபோய் அழுகிறார்கள். நான் அழுவது போதாதா?

அவர் போன பக்கம் வெள்ளம் என்று செய்தியில் காட்டினார்கள். அன்றிலிருந்து அவருடைய போன் கிடைக்கவில்லை. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. தீவனத் தொட்டியைப் பார்க்கப் போவேன், எதற்கு வந்தேன் என்று மறந்து திரும்புவேன். அப்போதுதான் போனில் தானாக ஓடிவந்த ஒரு பியானோ பதிவு கிடைத்தது. அதில் வார்த்தையே இல்லை. அதுவே பெரிய நிம்மதி.

பள்ளியில் கொஞ்சம் பாட்டு கற்றவள் நான். அந்த இசையில் நடபைரவி ராகத்தின் சாயல் இருந்தது. விளம்ப காலத்தில், கேட்கிறதா இல்லையா என்கிற மாதிரி தொடங்கும். கொட்டகையின் கடைசி வரை கேட்க வேண்டுமென்றால் போனோடு இணைத்த ஸ்பீக்கரை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் நடுவில் வாசிக்கிற மனிதருக்கு என்ன வருமோ, திடுதிப்பென்று வேகம் கூட்டி, இரண்டு கையாலும் அடித்து நொறுக்குவார். முதல் நாள் கொட்டகையே அல்லோலகல்லோலப்பட்டது.

“ஏஞ் சாமி, இழவூட்டுப் பாட்டாட்ட ஆரம்பிச்சு, இப்படிப் பேயாட்டம் ஆடுதே! நிறுத்து” என்றார் என் மாமியார்.

நான் நிறுத்தவில்லை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்த இடம் வருவதற்குள் ஒலியைக் குறைத்துவிடுவேன். எந்த நேரமும் அடுத்து வருவதை எண்ணிப் பதறிக்கொண்டிருந்தவளுக்கு இது தோதான வேலை.

ஒரு மத்தியானம், மெதுவான பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது கொட்டகை முழுக்க லாரி ஹாரன் அலறியது. என் வீட்டுக்காரர் விளையாட்டாகத் தன் எண்ணுக்கு வைத்துவிட்டுப் போன ரிங்டோன். ஸ்பீக்கர் முழு ஒலியில் இருந்தது. கோழிகள் மொத்தமும் எகிறின. போனை எடுத்தேன்.

“ஏனுங்க!” என்று கத்தினேன். “உசுரோட இருக்கீங்களா, இல்லீங்களா?”

“இருக்கறஞ் சாமி. இப்பத்தான் டவர் கெடச்சுது. ரோடெல்லாம் தண்ணி. வண்டிய மேட்டுல ஏத்திட்டோம். எல்லாரும் நல்லாருக்கறோம்.”

அவர் குரல் ஸ்பீக்கர் வழியாகக் கொட்டகையின் கோடிவரை போனது. தினமும் காலையில் தீவனம் போடும்போது கோழிகளோடு வாய் ஓயாமல் பேசுகிற மனிதர் அவர். கூண்டு கூண்டாகச் சத்தம் அடங்கியது. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “பாரு, அதுகளுக்குந் தெரியுது” என்றார்.

“கோழி மிரண்டுருச்சா? இப்ப அடங்கிருச்சா?” என்று போனில் கேட்டார் அவர்.

“அடங்கிருச்சுங்க.”

“நீ?”

“எப்ப வாரீங்க?” என்றுதான் கேட்டேன்.