மூன்று வருடம் தப்பித்த கடைவாய்ப் பல்

என் கணவர் மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருபது வருடம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு, இரண்டு லோரிகளுக்கு நடுவில் ரிவர்ஸிலேயே போய்ச் சொருகிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷருக்குப் பல் டாக்டர் என்றால் குலை நடுங்கும் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது.

அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதன்மேல் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் வார்ஃபரின் மாத்திரை. லோரி ஓட்டுவதை விட்டு, அதே கம்பெனியில் லோரிகளை அனுப்பி வைக்கிற வேலைக்கு மாறினார். கொஞ்ச மாதத்தில் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது.

எடுத்துவிடலாமே என்றேன். ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் பல்லைப் பிடுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் நம்பினேன். தோசையைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொடுத்தேன். தீபாவளி முறுக்கை உரலில் இடித்துக் கொடுத்தேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகத்தான் போய் வருவார். போன வருடப் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் நானும் கூடப் போனேன். அங்கே மருந்தாளர் ஒரு சின்னப் பெண். மாத்திரை அளவைப் புத்தகத்தில் எழுதிவிட்டு, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டாள். பாவம், பல்வலியோடு காலம் தள்ளுகிறார், எடுக்கத்தான் வழியில்லை என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அங்கிள், எடுக்க முடியாதுன்னு யார் சொன்னா?"

அங்கிள் மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அவள் என்னிடம் பொறுமையாக விளக்கினாள். பல் எடுப்பதற்கு முந்தின நாள் ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தால், மாத்திரையை நிறுத்தாமலே எடுத்துவிடலாம். வால்வு இருப்பதைப் பல் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்ததும் அவராகவே, "ஊசியப் பாத்தா பயம் லா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இடித்த முறுக்கெல்லாம் கண்முன்னால் வந்து போனது.

என் அக்கா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போவாள். எங்கள் வயதுக்காரர், கை மென்மை என்று பெயர். நாங்கள் கொண்டுபோன கடிதத்தைப் படித்துவிட்டு, அடுத்த திங்கள் காலையில் வரச் சொன்னார். காலையில் எடுத்தால், ரத்தம் நிற்காமல் போனாலும் பகலிலேயே திரும்ப வந்து காட்டலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தோம். அவருக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டிய அளவு ஒன்றரைக்கு இறங்கியிருந்தது; ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடும் நிலை. வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். மூன்று அதிகமாக இருந்தது.

வேலையிடத்தில் யாரோ, தங்கள் மாமாவுக்குப் பல் எடுத்தபோது வாளி வாளியாக ரத்தம் போனதாகக் கதை சொல்லியிருக்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நாளாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த வால்வின் டிக் டிக் சத்தம் எனக்குக் கேட்கும். அது அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே போனை எடுத்தேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, அவரிடமே கொடுத்தேன். ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல் கோபமில்லாமல் வந்தது. "அண்ணே, வாயில ரத்தம் வந்தா நான் பஞ்சு வெச்சு நிறுத்திடுவேன். வால்வுல கட்டி வந்து மூளைக்குப் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னார் டாக்டரம்மா. போனோம். அங்கே டாக்டர் பார்த்து, அளவு ஏறும்வரை வயிற்றில் போட்டுக்கொள்ள ஊசி மருந்து எழுதினார். ஊசிக்குப் பயந்தவருக்குச் சில நாள் தினமும் ஊசி.

இரண்டு வாரம் கழித்து அளவு சரியாக வந்ததும், காலைக் கொம்யூட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். வால்வு இருப்பதால் கிருமி தாக்காமல் இருக்க ஒரு மணி நேரம் முன்பே மருந்து கொடுத்தார்கள். உள்ளே போனவர் அரை மணி நேரத்தில் வாயில் பஞ்சோடு வெளியே வந்தார். இரண்டு தையல். முகத்தில், இவ்வளவுதானா என்கிற ஆச்சரியம்.

அன்று மதியம் நான் சமையலறையில் கஞ்சியை ஆறவைத்துக்கொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. 'ரத்தம்.' அனுப்பியவர் பத்தடி தள்ளி சோபாவில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பார்த்தேன். எச்சிலில் லேசாகச் சிவப்பு, அவ்வளவுதான். டாக்டரம்மா சொல்லியிருந்தபடி புதுப் பஞ்சை நனைத்து வைத்து, அரை மணி நேரம் அழுத்திக் கடிக்கச் சொன்னேன். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது என்று கையையும் பிடித்துக்கொண்டேன். நின்றுவிட்டது. பல் எடுத்த இடம் வலிக்கிறது என்று, மூட்டுவலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையைத் தேடினார். அது ரத்தக்கசிவைக் கூட்டிவிடும் என்பதால், எடுத்து ஒளித்து வைத்துவிட்டுப் பாரசிட்டமால் கொடுத்தேன். சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வார்ஃபரினை அவரே எடுத்து, நான் பார்க்கும்படி விழுங்கினார்.

பிறகு வேலையிடத்தில் அவர்தான் பல் நிபுணர். மருந்தை நீயாக நிறுத்தாதே, முதலில் டாக்டரைக் கேள் என்று பக்கத்து ஊர் மேருவிலிருந்து வரும் லோரிக்காரர்கள் வரைக்கும் பாடம் நடத்தியிருக்கிறார். மேல்வரிசையில் இன்னொரு பல் கூசியபோது அவரே போன் செய்து நாள் வாங்கினார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, இதை எடுக்க வேண்டாம், அடைத்தாலே போதும் என்றாராம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.