தலைக்கு மேல் வலது கை

அவர் கடல்வழியாக மூதூருக்குச் சனங்களை ஏற்றிப்போகும் லோஞ்ச் படகு ஓட்டியவர். அகன்ற தோள், வெயிலில் கறுத்த முகம். பாரிசவாதம் வந்து வலது கை தொங்கிப்போயிருந்தது. யுத்த காலம் அது. படகேறும் இறங்குதுறையில், இராணுவச் சோதனையில் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டவேண்டும். அவருடைய வலது கையை மகள்தான் பிடித்துத் தூக்குவாள். அந்த வெட்கம் தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

நான் அப்போது பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன். படித்ததை உடனே செய்துபார்க்கும் அவசரம். ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை வியர்த்து ஒழுகும்வரை மிதிக்கவைத்து, சூடு ஆறுமுன் கைப்பயிற்சி கொடுத்தேன். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன்.

"வருத்தம் கையில. காலை ஏன் தம்பி கொல்லுறீங்க?"

"நெஞ்சு வேகமா அடிச்சா மூளை கெதியாப் பழகும், நானா. மிதியுங்கோ!"

நின்ற சைக்கிளிலேயே அவர் ஊர் ஊராகப் போனார். பெல்லை அடித்து, "உப்புவெளி வந்திட்டுது!" என்பார். மறுநாள், "கப்பல்துறை! தேத்தண்ணி எங்க?" வார்ட்டே சிரிக்கும்.

மூன்று மாதம் கழித்து அவரோடு இறங்குதுறைக்குப் போனேன். மகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். இடது கை உயர்ந்தது. வலது கை நடுங்கி நடுங்கி நெஞ்சைக் கடந்து, காதைக் கடந்து, தலைக்கு மேலே போய் நின்றது. "வாப்பா!" என்று மகள் கத்திவிட்டாள்.

சிப்பாய் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான். அவர் கையை இறக்கவில்லை.

"லோஞ்ச் வெளிக்கிடப்போகுது, நானா."

"பொறுங்க தம்பி. பின்னால நிக்கிற சனமும் பார்க்கட்டும்."

அந்த வரிசையில் அவ்வளவு சந்தோஷமாகக் கைதூக்கி நின்ற வேறொருவரை நான் கண்டதில்லை.