ஜீப் ராணி சொன்ன ராமர் கதை

ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவள் ராணி. பொம்பளை ஓட்டுகிற வண்டியா என்று முதல் மாதம் இளித்தவர்கள்தான் இப்போது அவள் வண்டியே வரட்டும் என்று மழையில் காத்து நிற்கிறார்கள். ஏழு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவள் அடித்ததில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில், காலைப் பூசை முடிந்ததும் பெருமாள் கோயிலில் ராமர் கதை சொல்வதும் அவள்தான். அவள் சொன்னால் சீதையின் கஷ்டம் பக்கத்து வீட்டுக் கஷ்டம் போலிருக்கும்.

இந்தப் புரட்டாசியில் ஒரு விடிகாலை. மூடுபனிக்குள் காலி வண்டியோடு வந்தவள் வளைவில் எதன்மீதோ மோதிவிட்டாள். இறங்கிப் பார்ப்பதற்குள் அது சரிவில் உருண்டு போய்விட்டது. கழுத்து மணிச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, வள்ளியின் மாடு. புருஷனை இழந்த வள்ளி அந்த ஒரு கறவையை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று ராணி நினைத்தாள். சொன்னால் இனி எவர் நம்பி ஏறுவார்கள் என்றும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டாள்.

செத்த மாட்டின் விலாவில் ஒரு பெரிய ஓட்டை. ஜீப்பின் முன்கம்பி குத்தியது. ஊரோ பார்த்த மாத்திரத்தில் காட்டெருமை என்று முடிவு கட்டிவிட்டது. காபித் தோட்டங்களுக்குள் ஒற்றைக் காட்டெருமை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பழியைப் போட அதைவிட வசதியான ஆள் கிடைப்பாரா?

அந்தச் சனிக்கிழமை கோயிலில் கூட்டம். முன்வரிசையில் வள்ளி. மிளகுக்காரர் சின்னையன் எழுந்து நின்றார்.

"இன்னிக்குப் பொழுது சாய, சுனைக்கிட்ட கரண்டுக் கம்பி கட்டிரலாமுங்க. தண்ணி குடிக்க வந்தா அதோட தீந்துச்சு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ராணி கதையைத் தொடங்கினாள். ராமரின் அப்பா வேட்டைக்குப் போன கதை. இருட்டில் யானை தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்து அவர் அம்பை விட்டுவிடுகிறார். விழுந்தது, கண் தெரியாத தாய் தகப்பனுக்குத் தண்ணீர் மொள்ள வந்த பிள்ளை.

"ஒருத்தரும் பாக்கலீங்க. அப்பிடியே திரும்பிப் போயிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா ராசா என்ன பண்ணுனாரு? அந்தக் கொடத்தத் தூக்கிக்கிட்டு, பெத்தவங்ககிட்ட..."

வருஷா வருஷம் தடையில்லாமல் சொன்ன இடம். இந்த வருஷம் அதற்கு மேல் கதை நகரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ராணி வள்ளியைப் பார்த்தாள்.

"கம்பி கட்டாதீங்க. அந்த வாயில்லாச் சீவன் ஒண்ணும் பண்ணல. வள்ளி மாட்ட நாந்தான் வண்டியில இடிச்சுப்போட்டேன். பயந்துக்கிட்டு ஓடிட்டேன்."

மேடை போட்டுத் தர்மத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பிழைப்பையே பணயம் வைத்து நாலு வார்த்தை பேசியவர்கள் எத்தனை பேர்?

"உன்ன நம்பித்தானம்மா புள்ளைங்கள ஏத்தி உட்டோம்!" என்று சத்தம் போட்டார் சின்னையன். வள்ளி எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் பின்னாலேயே பாதிக் கூட்டம் கலைந்தது. கம்பி கட்டும் பேச்சும் அதோடு போயிற்று.

மீதிப் பேருக்கு ராணி கதையை முடித்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தக் கண் தெரியாத தகப்பன் ராசாவுக்கு விட்ட சாபத்தை மற்ற வருஷங்களில் அவசர அவசரமாகத் தாண்டிவிடுவாள். இந்தத் தடவை ஒரு சொல்லையும் விடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

வெளியே வந்தபோது ஜீப்பைச் சுற்றி ஒருவருமில்லை. முன்சீட்டில் மட்டும் வள்ளி உட்கார்ந்திருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"எங்கூட்டுக் கறவையக் கொண்டாந்து கட்டறேன் வள்ளி," என்றாள் ராணி.

"அதப் பொறவு பேசலாமுங்க. எம் மனசு இன்னும் ஆறல."

ராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊட்டுல புள்ளைங்க தனியா இருக்குதுங்க. வண்டிய எடுங்கக்கா," என்றாள் வள்ளி. "வளைவுல மட்டும் மெதுவாப் போங்க."