எண்ணெய் தடவாத கைகள்

அந்தப் பை என் மடியில் இருந்தது. ஆண்டிமடத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸின் ஜன்னலோர இருக்கையில், வெயில் பட்டுச் சூடேறி, அதற்குள் முந்திரிக்கொட்டைகள், தூங்கும் பூனைக்குட்டிபோல் கதகதப்பாகக் கிடந்தன. பக்கத்தில் அக்கா. உடன்பிறந்தவள் இல்லை, உடன் வேலை பார்த்தவள். பிறந்தது ஆண்டிமடத்து முந்திரித் தோப்புகளுக்கு நடுவே. வாழ்க்கைப்பட்டது ரெட்டிபாளையம் பக்கத்துத் தெரு ஒன்றில். அந்தத் தெருவில்தான், சிமெண்ட் ஆலை வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு நாங்கள் இருவரும் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். நான் சிறுவாச்சூர்க்காரி. பருத்தி தெரியும், சின்ன வெங்காயம் தெரியும். முந்திரியைப் பொட்டலத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதனாலேயே அவள் என்னை "ஏ வெங்காயம்" என்றுதான் கூப்பிடுவாள்.

வகுப்பு என்று பெயர்தானே தவிர, நாங்கள் அங்கே உட்கார்ந்ததே குறைவு. வேப்பமரத்து நிழலைக் குச்சியால் அளந்தோம். அது மாலையில் மரத்தைவிட நீளமாகிவிட்டதைப் பார்த்துப் பிள்ளைகள் மரத்தைச் சந்தேகப்பட்டார்கள். ஓடையில் பொறுக்கிய, கிளிஞ்சல் பதிந்த கல்லை ஈரக்களிமண்ணில் அழுத்தி எடுத்தோம். கடல் இங்கே இருந்ததா என்று ஒருத்தி கேட்டபோது, "இருந்துச்சுடி, உங்கப்பன் பொறக்குறதுக்கு முன்னாடி" என்று அக்கா சொல்ல, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடமே வயதைக் கேட்டிருக்கிறாள். எனக்குப் பாடம் நடத்த வரும். அக்காவுக்குப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வரும். சிரித்த பிள்ளைதான் மறுநாள் வரும் என்பதை அவளிடம்தான் கற்றேன்.

முந்திரிக்கொட்டையில் பொம்மை செய்யலாம் என்பது என் யோசனை. வளைந்த அந்த வடிவத்தில் எனக்குக் கிளி தெரிந்தது, யானைக் காது தெரிந்தது, கருவில் சுருண்ட குழந்தை தெரிந்தது. கோணூசியால் ஓட்டை போட்டு நூலில் கோத்துவிட்டால் கைகால் ஆடும் பொம்மை. பஸ்ஸில் வரும்போதே கேட்டேன்.

"அக்கா, கையில பட்டா ஒண்ணும் பண்ணாதே?"

"எங்க ஊர்ல புள்ளைங்க இதை வச்சுத்தான் கோலிக்குண்டே வெளயாடுது. நீ பேசாம வா வெங்காயம்."

மறுநாள் சாயங்காலம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா தன் பையிலிருந்து சின்னத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, பேசிக்கொண்டே, உள்ளங்கை புறங்கை எல்லாம் தடவிக்கொண்டாள். வேலைக்கு முன் கொண்டையை முடிவதைப்போல, அத்தனை இயல்பாக. கை வறண்டிருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எல்லோரும் குத்தினோம், கோத்தோம். கொட்டைத் தோலிலிருந்து கசிந்த பழுப்பு நெய்யைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பிள்ளைகள் கிளிகளை ஆட்டினார்கள். எட்டு வயதுப் பெண்ணொருத்தி, எப்போதும் என் தோளில் சாய்ந்தே வேலை செய்பவள், கருவில் சுருண்ட குழந்தை ஒன்றைச் செய்து கன்னத்தோடு வைத்துக் கொஞ்சினாள்.

விடிந்தபோது பிள்ளைகளின் விரல்கள் வெந்து கொப்புளித்திருந்தன. அந்த எட்டு வயதுக்காரியின் கன்னத்தில் தீப்பட்டதுபோல ஒரு தடம்.

முந்திரித் தோலின் நெய் சுடும் என்பது முந்திரிக்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிவதில்லை. கொட்டையைத் தொடும் முன் கை தானாக எண்ணெய்க்குப் போகும். சிமெண்ட் தெருப் பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தவறை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். மீன் பிடிக்கிறவள் நீச்சல் சொல்லித்தர மறந்ததுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாக்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மாதான் முதலில் பேசினாள். "அவங்கப்பா கையத்தான் சிமெண்ட் தின்னுடுச்சு. புள்ள கையுமா டீச்சர்? படிக்கத்தானே அனுப்புனோம்?" குரல் உயரவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. யார் கொண்டுவந்தது என்று இன்னொருத்தி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அப்பவே வேணாம்னுதாங்க சொன்னேன். அவதான் கேக்கல. வெளியூருப் பொண்ணு, அவளுக்கு என்னங்க தெரியும்?"

என் கட்டைவிரலும் வெந்திருந்தது. அக்காவின் கைகள் மட்டும் வழுவழுவென்று இருந்தன. அத்தனை பேர் நின்றார்கள். யாரும் எங்கள் கைகளைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. அவளே திருத்திவிடுவாள், இந்த மூச்சில், அடுத்த மூச்சில் என்று காத்துக்கொண்டே நின்றேன். குனிந்து அந்தச் சிறுமியின் விரலைப் பார்க்கப் போனேன். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இனி நான் வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஏற்றிவிட அக்கா வந்தாள். "கோவிச்சுக்காதடி. நான் இந்தத் தெருவுலதான் செத்துப் பொழைக்கணும். உனக்குப் போறதுக்கு ஊரு இருக்கு." அவள் கண் கலங்கித்தான் இருந்தது. அந்தக் கலக்கத்தை நம்பினேன். நாலு நாளில் உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டு அனுப்புவாள் என்று நம்பினேன். நாலு நாள் நாலு மாதமாயிற்று. யாரும் கூப்பிடவில்லை. பொய் சொல்லி அவள் எடுத்துக்கொண்டது வகுப்பை என்றால் பரவாயில்லை. ஒரு பிள்ளையின் தோள்சாய்வை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை என்னிடம் ஒட்டினாலும், எப்போது கையைப் பின்னால் கட்டுமோ என்று மனம் ஓரமாக நின்று பார்க்கிறது.

இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். போன வாரம் என் மகள் பள்ளியில் கைவேலை முகாம். ஆண்டிமடத்துக்கார டீச்சர் ஒருத்தர் வந்தார்களாம், ஒரே சிரிப்பாம். முந்திரிக்கொட்டையில் செய்த வண்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். மணிக்கட்டு வரை எண்ணெய்ப் பிசுக்கு.

"மொதல்ல எல்லார் கையிலயும் அவங்களே எண்ணெய் தடவி விட்டாங்கம்மா. முன்னாடி ரெட்டிபாளையம் பக்கம் ஒரு டீச்சர் எண்ணெயே தடவாம செய்ய வச்சு, புள்ளைங்க கையெல்லாம் வெந்துபோச்சாம். இவங்க வேணாம் வேணாம்னு எவ்வளவோ சொன்னாங்களாம்."

இத்தனை வருடத்தில் அந்தப் பொய் அக்காவுக்குப் பாடமாகவே ஆகிவிட்டிருந்தது. ஊர் ஊராக அதைச் சொல்லித்தான் பிள்ளைகளின் கைகளைக் காப்பாற்றுகிறாள். காப்பாற்றத்தான் செய்கிறாள், மகளின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு புள்ளி இல்லை. எதைப் பழிப்பது என்று தெரியாமல் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"பாவம், தெரியாமச் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

"தெரியலன்னா யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன்டி."

மகள் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.