மூன்றாம் கூப்பாட்டுக்கு வந்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, காஞ்சிபுரம் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கியபடியே என்னிடம் சொன்னார்: "உங்க ஏரோப்ளேன் சார் போயிட்டாரும்மா."

"எங்கே, மெட்ராஸுக்கா?"

"மேலே."

விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது, நான் ஏறவில்லை. விமான மைதானத்தின் வாசல்தான் எங்கள் ஊருக்கு பஸ் நிறுத்தம். திரும்பிப் பார்த்தேன். அவர் வேலை பார்க்கும் எடைக் கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. சுடச்சுடப் பதில் சொல்லும் பெண் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர். அன்று நிற்க மட்டும்தான் தெரிந்தது.

திரு. வரதராஜுலு அவர்களை அறியாதவர்களுக்கு முதலில் அந்த மைதானத்தைச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தில் விமானத்துக்குப் பஞ்சமில்லை, கோயிலுக்கு ஒன்று இருக்கிறது. பறக்கிற விமானம்தான் இல்லை. தென்னேரி பக்கம் வரும் வழியில், யுத்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் அவசரமாகப் போட்டு அவசரமாகவே விட்டுப்போன ஓடுதளத்தில் ஆடுகள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி அதைச் சுத்தம் செய்தது. பெங்களூரிலிருந்து பட்டு நூல் மூட்டை ஏற்றிவர ஒரு டகோட்டா விமானத்தை விட்டது. போகும்போது காலியாகப் போவானேன் என்று பன்னிரண்டு நாற்காலி போட்டார்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, பயணிகள் உட்கார ஒரு வேப்பமரம். இத்தனைக்கும் அதிகாரியாக மெட்ராஸிலிருந்து வந்தவர்தான் வரதராஜுலு சார். காக்கிச் சட்டையில் கஞ்சி முடமுடக்கும். தொப்பி ஒரு பக்கம்கூடச் சாயாது.

முதல் நாள் ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் பெயருக்கும் நேரே 'வரவில்லை' என்று எழுதினார். விமானம் காலியாகக் கிளம்பியது. அது மேலே ஏறியதும் மரத்தடியில் இருந்த பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள்.

"இன்னா சார், எங்கள வுட்டுட்டுப் போவுது?"

"கூப்பிட்டேனே! ஏன் பதில் சொல்லலே?"

"ஒரு தரம்தானே கூப்டீங்க?"

அவருக்கு விளங்கவில்லை. யாரோ விளக்கினார்கள். யுத்தத்தின்போது அங்கே ஒரு விமானம் விழுந்தது. அதிலிருந்த துரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். பேய் பெயர் சொல்லி ஒரு தரம்தான் கூப்பிடும், மிஞ்சினால் இரண்டு தரம். பதில் சொன்னால் கூடவே போக வேண்டியதுதான். மூன்றாம் தரம் கூப்பிட்டால் மனுஷன்.

சார் சிரிக்கவில்லை. அதுதான் ஊருக்கு அவரைப் பிடித்துப்போன காரணம். "சரி. முதல் ரெண்டும் அவங்களுக்கு, மூணாவது உங்களுக்கு. மூணாவதுக்குத்தான் டிக் போடுவேன். ஆனா என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லணும்" என்றார்.

அதன்பிறகு அப்படியேதான் நடந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டாவது கூப்பாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவர் விடும் இடைவெளியில் காக்காய்கூடக் கத்தாது. அந்த இடைவெளியில் வேறு யாரோ பட்டியலைப் பார்ப்பது போல இருக்கும்.

பிள்ளையார்பாளையத்து ஏகாம்பர முதலியார் அங்கே அடிக்கடி வருவார். தறிக்காரர். ஒரே பிள்ளை பெங்களூரில் தொழிற்சாலை வேலை. பிள்ளையைப் பார்க்க இரண்டு தரம் டிக்கெட் எடுத்தார். இரண்டு தரமும் ஏணி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். "வயிறு கலக்குதுபா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்." சார்தான் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டி வருவார். ரயிலில் போகலாமே என்று யாராவது கேட்டால், "பையன் ஏரோப்ளேன்ல வான்னு எழுதிக்கீறான்" என்பார் முதலியார்.

மூன்றாம் டிக்கெட் மார்கழியில். அன்று பனி கொட்டிக் கிடந்தது, நாலடியில் நிற்பவர் யாரென்று தெரியாது. விமானம் முந்தின மாலையே வந்து நின்றிருந்தது. வெயில் தலைகாட்டியதும் கிளம்பட்டும் என்று சார் பனியிலேயே பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். மரத்தடியில் முதலியாரின் குரலைக் காணோம். பயந்து வரவில்லை என்றே நினைத்தேன்.

"ஏகாம்பர முதலியார்!" என்று முதல் கூப்பாடு வந்தது.

நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, முதலியார் மாதிரியே மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்துக்கினே இருக்கேன்பா!" என்றேன்.

மரத்தடியில் யாரோ "ஐயோ" என்றார்கள். பஸ் ஹாரன் கேட்டது. சிரிப்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடி ஏறிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பியபோது ஊரே அந்தப் பேச்சாக இருந்தது. விடியற்காலை முதலியார் சட்டை போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். பட்டியலில் பன்னிரண்டு டிக். பெங்களூரில் இறங்கியது பதினோரு தலை.

கம்பெனியிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். வராத ஆளுக்கு எப்படி டிக் விழுந்தது என்று வாசலிலேயே கத்தினார். பஸ்ஸுக்காக அங்கேதான் நின்றிருந்தேன். எதற்கெல்லாமோ திறக்கிற என் வாய் அன்று திறக்கவில்லை. சார் காகிதத்தை வாங்கி 'என் பிழை' என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே தொப்பி போயிற்று. நூல் மூட்டைக்கு எடை போடும் வேலை. பெயர் கூப்பிட ஒலிபெருக்கியோடு ஒரு புதுப் பையன் வந்தான்.

காரியம் எல்லாம் முடிந்தபின் முதலியார் மனைவி குப்பம்மாள் மைதானத்துக்கு வந்தார். எடைக் கொட்டகை வாசலில் நின்று கும்பிட்டார். "ரெண்டு தரம் பயந்து எறங்குனவரு சார். மூணாவது தரம் ஏத்தி வுட்டுட்டீங்களே. புள்ளையப் பாத்துட்டுதான் போயிருப்பாரு." சார் பதிலுக்குக் கைகூப்பினார். உண்மையைச் சொன்னால் அந்த அம்மாளின் புருஷனை நான் இன்னொரு தரம் சாகடித்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் சாரின் தொப்பி திரும்பாது. ஒன்றரை வருஷம் கொட்டகைப் பக்கம் தலை திருப்பாமல் பஸ் ஏறினேன். வகுப்பில் வருகைப் பதிவுக்கு என் பெயரைக் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவேன்.

போன மாதம் தாங்க முடியவில்லை. கம்பிவேலி ஓரமாகப் போய், தரையைப் பார்த்துக்கொண்டு, "சார், அன்னிக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"முகத்தைப் பார்த்துப் பேசும்மா."

கோபம் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே, தொட்டிக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தது முதல் ஓடிப்போய் பஸ் ஏறியது வரை சொன்னேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றேன்.

"எனக்குத்தான் தெரியுமே. தொட்டிக்குப் பின்னாலே உன் ரிப்பன் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சார் டிக் போட்டீங்க?"

"முதல் கூப்பாட்டுக்கு வந்த குரலுக்கு நான் என்னிக்காவது டிக் போட்டிருக்கேனா? மூணாவதுக்கும் பதில் வந்தது. ஏணிப் பக்கத்திலேருந்து. நீ அப்போ பஸ்ஸிலே இருந்தே."

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அதை ஏன் சார் எழுதலே?"

"எழுதினா பைத்தியம்னு சொல்வான். பிழைன்னு எழுதினா முட்டாள்னு சொல்வான். முட்டாளுக்கு வேலை உண்டும்மா." கொஞ்சம் சிரித்தார். "நீ போய்ப் பரீட்சைக்குப் படி. இதுலே உன் பங்கு ஒண்ணும் இல்லே."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மாரடைப்பு என்றார்கள்.

செய்தி கேட்டு அடுத்த பஸ்ஸிலேயே சின்ன காஞ்சிபுரத்திலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கூடம் நிறைய அழுகை. அவர் மனைவி ராஜம்மா மட்டும் அழவில்லை. சாரின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். மந்திரம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் போய் ராஜம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, ஏணிப் பக்கம் கேட்ட குரலைப் பத்தி சார் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

ராஜம்மா உதட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "குரலா? அவருக்குக் காது கேக்காதும்மா. யுத்தத்தப்போ இஞ்சின் பக்கத்துல வேலை. ரெண்டு காதும் போச்சு. தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவான்னு கம்பெனிகிட்ட மூச்சு வுடல. உதட்டைப் பாத்துதான் எல்லாம். பனி நாளுன்னா பயந்துக்கினேதான் வேலைக்குப் போவாரு."

அந்தப் பனியில் யார் உதட்டையும் அவர் பார்த்திருக்க முடியாது. என் ரிப்பனும் தெரிந்திருக்காது, என் குரலும் கேட்டிருக்காது. பன்னிரண்டு டிக்கையும் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார். 'என் பிழை' என்று எழுதியதும் நிஜம்தான். அப்படியானால், என் பாரத்தை இறக்கி வைக்கத்தான், நான் சொன்னதை வைத்தே ரிப்பனையும் அந்த மூன்றாம் குரலையும் அவர் என்னிடம் சொன்னார். இப்படித்தான் பகலில் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லும்போது அவர் ஏணி இருந்த திசைக்குத் தலையைத் திருப்பினார். சத்தம் கேட்டவர்கள் திருப்புகிற மாதிரி. இரண்டு காதும் போனவருக்கும் கேட்கும்படி ஒருவர் வந்து பதில் சொல்லியிருந்தால்? இதை இனி நான் யாரிடம் கேட்பது?

குப்பம்மாள் இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் இதை எழுதும் எங்கள் வாசகசாலையின் கையெழுத்து ஏடு அவ்வளவு தூரம் போகாது. போனாலும், அவர் அந்த மூன்றாம் குரலை நம்பட்டும்.

அன்று சாரைத் தூக்குவதற்கு முன் சற்று நேரம் கூடத்தில் ராஜம்மாவையும் என்னையும் தவிர யாருமில்லை. நான் அவர் முகத்துக்கு நேரே நகர்ந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல் உதட்டால் மட்டும், தொட்டியிலிருந்து தொப்பி வரைக்கும் மறுபடியும் சொன்னேன். விசாரிக்க வந்தவர் முன்னால் வாய் மூடி நின்றதையும் சொன்னேன், வேலியோரம் அதை விட்டுவிட்டேன். கடைசியாக, "போயிட்டு வாங்க சார்" என்றேன்.

நிமிர்ந்தபோது ராஜம்மா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் உதட்டைப் படிப்பது அவருக்கும் பழகியிருந்தது. மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டு, எனக்கும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.